கீமோவுக்கு முன் சினைப்பைத் திசுவை உறைய வைப்பதும் திரும்பப் பொருத்துவதும்: முழுமையான வழிகாட்டி

முதல் கீமோவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்றால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஐந்தாறு நாள்தான். கீமோ முட்டைகளை அழிக்கலாம் என்பதால், பின்னால் குழந்தை பெறுவதற்காகச் சினைப்பைத் திசுவை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்து, குணமான பிறகு திரும்பப் பொருத்துகிறார்கள். எடுத்து உறைய வைக்க அந்த நாட்கள் போதும். ஆனால் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே அந்த நாட்கள் கரைந்துவிடுகின்றன. கருத்தரிப்பு மையத்தில் ஆலோசகராக உட்கார்ந்து நான் அதிகம் பார்த்தது இதைத்தான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். அதற்காகத்தான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் சூலகம், ஆஸ்பத்திரியில் ஓவரி, இங்கே சினைப்பை: மூன்றும் ஒன்றுதான். கர்ப்பப்பை வேறு. "கர்ப்பப்பையையா எடுக்கப் போறாங்க?" என்று பதறி, பாதிப் பேச்சிலேயே எழுந்து போனவர்கள் உண்டு.

1. புற்றுநோய் டாக்டரிடம் மூன்று கேள்வி

எல்லாக் கீமோவும் சினைப்பையை ஒரே அளவில் பாதிப்பதில்லை. சைக்ளோபாஸ்பமைட், புசல்ஃபான், மெல்ஃபலான் போன்ற மருந்துகள் கருமுட்டை இருப்பைப் பெரிதாகக் குறைக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் உயர் அளவு மருந்துகளில் பாதிப்பு இன்னும் அதிகம். இடுப்புப் பகுதியில் ரேடியேஷன் என்றால் சினைப்பையோடு கர்ப்பப்பையும் பாதிக்கப்படலாம்.

அதனால் முதல் வேலை, சிகிச்சை தரும் டாக்டரிடம் இவற்றைக் கேட்பது: எந்தெந்த மருந்து, எவ்வளவு? இடுப்புப் பகுதியில் ரேடியேஷன் உண்டா? முதல் கீமோவை எத்தனை நாள் தள்ளிப் போடலாம்? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கருத்தரிப்பு மருத்துவர் இந்தத் தாளை வைத்துத்தான் முடிவெடுப்பார். அது இல்லாமல் வந்தால் ஃபோனில் ஒருவரை ஒருவர் பிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

டாக்டரே சொல்வார் என்று காத்திருப்பதுதான் நான் பார்த்த பெரிய தவறு. அவருடைய கவனம் உயிரைக் காப்பாற்றுவதில் இருக்கும். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்கத் தயங்குவதும் புரிகிறது. ஒரு முறை பத்தொன்பது வயதுப் பெண்ணோடு வந்த அம்மா, டாக்டர் அறையில் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் என் மேசைப் பக்கம் குனிந்து, "கல்யாணம் ஆகாத பிள்ளைம்மா. அவ எதிர்ல இதெல்லாம் எப்படிக் கேக்கறது?" என்றார். பிள்ளை பின்னாலேயே நின்றிருந்தாள். "நான் கேட்டாச்சும்மா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் இருக்காம்."

2. திசுதான் சரியான வழியா?

இரண்டு வாரம் அவகாசம் இருந்து, பெண் வயதுக்கு வந்தவராகவும் இருந்தால், கருமுட்டையை உறைய வைப்பதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். திருமணமானவர் என்றால் கருவாக உறைய வைக்கலாம். அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஹார்மோன் ஊசி போட வேண்டும். மாதவிடாய் சுழற்சியின் எந்த நாளிலும் அதைத் தொடங்கலாம். அடுத்த மாதவிடாய்க்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த இரண்டு வாரம் இல்லாதவர்களுக்கும், வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் திசுதான் வழி. சிறுமிகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுக்க முடியாது. ஆனால் அவர்களுடைய சினைப்பையின் மேலுறையில் முதிராத முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். புற்றுநோய் மட்டுமல்ல, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொள்ளப் போகும் சிறுமிகளுக்கும் இது பொருந்தும். நம் பக்கத்தில் இந்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை.

வயது வரம்பு பெரும்பாலும் 35. இதற்குக் காரணம் கணக்குத்தான். உறைய வைத்துத் திரும்பப் பொருத்தும்போது, புதிய ரத்தக் குழாய்கள் வந்து சேர்வதற்குள் முட்டைகளில் பாதிக்கு மேல் அழிந்துவிடலாம். ஆரம்பத்திலேயே இருப்பு குறைவு என்றால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோயில் நோய் செல்கள் திசுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். அதைத் திரும்பப் பொருத்தினால் நோயும் திரும்ப வரும் ஆபத்து உண்டு. அதனால் இவர்களுக்குப் பெரும்பாலும் முதல் கட்டக் கீமோ முடிந்து மஜ்ஜை சுத்தமான பிறகுதான் திசு எடுப்பார்கள். எடுத்த பிறகும், அதைப் பொருத்துவார்கள் என்று நம்பி இருக்க முடியாது. திசுவிலிருந்து முட்டையை ஆய்வகத்திலேயே முதிர வைக்கும் முறைகள் தேறி வரட்டும் என்று சேமிக்கிறார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்) போன்றவற்றில் இந்த ஆபத்து குறைவு.

குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சினைப்பைத் திசுவைத் திரும்ப வைப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

கீமோ நாட்களில் மாதம் ஒருமுறை போடும் சினைப்பைப் பாதுகாப்பு ஊசியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது கூடுதல் துணைதான். உறைய வைப்பதற்குப் பதிலாக அதை நம்பக்கூடாது.

3. ஒரே நாளில் எடுக்க வேண்டிய பரிசோதனைகள்

ரத்த அணுக்கள், பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்), வயிற்று ஸ்கேன், மயக்க மருந்துக்கான தகுதிச் சோதனை, தேவைப்படுகிறவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் ஒரே முறை ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

தொற்றுப் பரிசோதனை எதற்கு என்று சிலர் கோபப்படுவார்கள். தொற்று உள்ளவரின் திசுவை வேறு தொட்டியில் வைக்க வேண்டும். ஒரே திரவ நைட்ரஜனில் மற்றவர்களின் திசுவோடு வைக்க முடியாது. இந்த ரிப்போர்ட் இல்லாமல் லேப் உள்ளே வாங்காது.

ஏஎம்எச் முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றால் அதற்காக ஆபரேஷனை நிறுத்தி வைக்காதீர்கள். எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று பேசுவதற்குத்தான் அது உதவும். பிளேட்லெட் எண்ணிக்கை அப்படியில்லை. அது குறைவாக இருந்தால் ஆபரேஷனில் ரத்தக் கசிவு ஆபத்து. ஏற்றிய பிறகுதான் தொடுவார்கள்.

4. சம்மதப் படிவத்தை உட்கார்ந்து படியுங்கள்

பதற்றத்தில் எல்லோரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். வருடங்கள் கழித்து வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. திசு எத்தனை வருடம் சேமிக்கப்படும், வருடக் கட்டணம் எவ்வளவு, கட்டத் தவறினால் என்ன செய்வார்கள், மையம் மூடினாலோ இடம் மாறினாலோ யார் பொறுப்பு, திசுவுக்கு உரியவர் இறந்துவிட்டால் அதை என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், உறைய வைத்த கருவுக்குப் பத்து வருட வரம்பு வைத்திருக்கிறது. எட்டு வயதுச் சிறுமியின் திசுவுக்குப் பத்து வருடம் என்றால் அவளுக்குப் பதினெட்டுதான் ஆகியிருக்கும். அதனால் திசுவுக்கு எந்த வரம்பை எடுத்துக்கொள்கிறார்கள் என்று உங்கள் மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே சட்டப்படி இந்தச் சிகிச்சைகளுக்குப் பெண்ணுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், 50-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பிறகு ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கும் முறை) தேவைப்பட்டால் இந்தக் கணக்கும் வரும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். இருந்தாலும் பிள்ளைக்குப் புரிகிற அளவில் சொல்லிவிடுங்கள். திசு அவளுடையது. தன் பெயரில் ஒன்று சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் அவள் வளரக்கூடாது.

5. திசு எடுக்கும் நாள்

பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பிதான். தொப்புள் அருகிலும் அடிவயிற்றிலும் மூன்று சிறு துளைகள். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு மூன்று நாளில் கீமோ தொடங்கவும் முடியும்.

எவ்வளவு எடுப்பது என்பது சிகிச்சையைப் பொறுத்தது. எலும்பு மஜ்ஜை மாற்றோ இடுப்பு ரேடியேஷனோ வரப்போகிறது என்றால் ஒரு சினைப்பையை முழுதாக எடுப்பது வழக்கம். சிறுமிகளுக்குச் சினைப்பையே சின்னது என்பதால் அவர்களுக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்குப் பாதியோ மேலுறையில் சில துண்டுகளோ போதும் என்று முடிவெடுப்பார்கள். "ஒண்ணை எடுத்துட்டா வயசுக்கு வராம போயிடுவாளா?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். மீதி இருக்கும் ஒரு சினைப்பையே போதும். அதைப் பாதிக்கப்போவது கீமோ. இந்த ஆபரேஷன் இல்லை.

வெட்டும்போது மின்சூட்டுக் கருவியைப் பயன்படுத்தாமல் கத்தரியால் வெட்டுவார்கள். சூடு பட்டால் மேலுறையில் இருக்கும் முட்டைகள் கருகிவிடும். ரத்தக் குழாயைக் கடைசி நிமிடத்தில்தான் கட்டுவார்கள்; ரத்தம் இல்லாமல் உடல் சூட்டில் திசு கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

இங்கே உங்கள் பக்கம் ஒரு வேலை உண்டு. கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) வைப்பது, மஜ்ஜைப் பரிசோதனை போன்றவை பாக்கி இருந்தால் அதே மயக்கத்தில் செய்ய முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். இரண்டு துறைகள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்பதால் நீங்கள் கேட்காவிட்டால் நடக்காது. இரண்டு மயக்கம் ஒன்றாகும், இரண்டு நாள் மிச்சமாகும்.

ஆபரேஷன் ஓர் ஆஸ்பத்திரியில், லேப் வேறொரு இடத்தில் என்றாலும் கவலை வேண்டாம். நான்கு டிகிரிக் குளிரில், அதற்கான திரவத்தில் வைத்துப் பல மணி நேரப் பயணம் செய்ய முடியும். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் இப்படிப் பல ஊர்களிலிருந்து திசுவை ஒரே மையத்துக்கு அனுப்பித்தான் உறைய வைக்கிறார்கள். பெட்டியைச் சாதாரண ஐஸில் நேரடியாகப் புதைப்பதுதான் தவறு. ஐஸ் தொடும் இடத்தில் திசு ஒழுங்கில்லாமல் உறைந்து கெட்டுவிடலாம். பெட்டி, திரவம் இரண்டையும் லேபே அனுப்ப வேண்டும்.

6. லேபில் நடப்பது

இந்தப் பகுதியில் உங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பின்னால் வரும் ரிப்போர்ட் புரியும்.

முட்டைகள் சினைப்பையின் மேலுறையில்தான் இருக்கின்றன. உள்ளிருக்கும் மென்மையான பகுதியை அடுக்கடுக்காகச் சீவி எறிந்து, மேலுறையைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டு வருவார்கள். தடிமன் குறைந்தால்தான் உறைதல் காப்புத் திரவம் உள்ளே வரைக்கும் போகும். பொருத்திய பிறகு ஆக்சிஜனும் போகும். பிறகு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகள். உள்ளங்கையில் வைத்தால் தேங்காய்ச் சில்லின் வெள்ளைச் சீவல் போல இருக்கும்.

மெதுவாக உறைய வைக்கும் முறையில், குப்பிகள் இயந்திரத்துக்குள் நிமிடத்துக்கு இரண்டு டிகிரி வீதம் குளிர்ந்து மைனஸ் எட்டு, ஒன்பது வரை போகும். அங்கே நிறுத்தி, திரவ நைட்ரஜனில் முக்கிய இடுக்கியால் குப்பியின் வெளிப்பக்கத்தைத் தொடுவார்கள். தொட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு பனிப்புள்ளி தோன்றிப் பரவும். பனியை நாமே தொடங்கி வைத்தால் அது செல்லுக்கு வெளியே உருவாகும், உள்ளே உருவாகி அதைக் கிழிக்காது. அதன் பிறகு நிமிடத்துக்கு 0.3 டிகிரி என்று நத்தை வேகம். கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டி.

ஒரு துண்டை உறைய வைக்காமல் நோய்க்கூறு பரிசோதனைக்கு அனுப்புவார்கள்: முட்டைகள் இருக்கின்றனவா, நோய் செல் இருக்கிறதா என்று பார்க்க. எத்தனை துண்டு, எத்தனை குப்பி, எந்தத் தொட்டி, பரிசோதனை முடிவு என்ன? இந்த நான்கும் உள்ள ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் மையத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.

7. இடைப்பட்ட வருடங்கள்

இங்கேதான் ஆட்கள் தொலைந்து போகிறார்கள். சிகிச்சை முடிகிறது, வீடு மாறுகிறது, ஃபோன் நம்பர் மாறுகிறது. சேமிப்புக் கட்டணம் கட்டச் சொல்லி அனுப்பிய கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்புகிறது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்குத் தங்கள் குப்பிகள் இன்னும் இருக்கின்றனவா என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது. இருந்தன, நல்லவேளை. இரண்டு நம்பர் கொடுங்கள். அதில் ஒன்று வீட்டில் பொறுப்பான இன்னொருவருடையதாக இருக்கட்டும்.

கீமோ நடக்கும்போதும் முடிந்த சில மாதங்களுக்கும் கருத்தடை அவசியம். மாதவிடாய் நின்றுவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். நின்ற மாதத்திலும் முட்டை வெளிப்படலாம்.

மாதவிடாய் திரும்பிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. முட்டை இருப்பு குறைந்திருக்கும், மாதவிடாய் சீக்கிரம் நின்றும் போகலாம். உறைந்த திசுவைக் கலைத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு பக்கம், இயல்பாகவே கர்ப்பமாகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திசு தேவைப்படாமலே போகலாம்.

8. பொருத்துவதற்கு முன் தீர்க்க வேண்டியவை

எப்போது பொருத்துவது? குழந்தை வேண்டும் என்று முடிவான பிறகுதான். பொருத்திய திசு சராசரியாக நாலைந்து வருடம் வேலை செய்யும். சிலருக்கு அதற்கு மேலும் செய்யும். கல்யாணத்துக்கு முன்பே, மாதவிடாய் வந்தால் போதும் என்று பொருத்திவிட்டால் அந்த வருடங்கள் வீணாகிவிடும். மாதவிடாயை வரவழைக்க ஹார்மோன் மாத்திரையே போதும்.

சினைப்பை உண்மையிலேயே ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன், சினைப்பை ஓய்ந்தால் ஏறும்) அளவை நாலு வார இடைவெளியில் இரண்டு முறை எடுப்பார்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஓடி வராதீர்கள்.

புற்றுநோய் டாக்டரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நோய் திரும்பாமல் பொதுவாக இரண்டு வருடமாவது கடந்திருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எடுக்கும் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பது தனிப் பேச்சு. ஒரு துண்டை எடுத்து நோய் செல் இருக்கிறதா என்று மறுபடி சோதிப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

கர்ப்பப்பை ஸ்கேன், கணவரின் விந்துப் பரிசோதனை இரண்டையும் இப்போதே முடியுங்கள். இரண்டாவதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதில் குறை இருப்பது ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால், திசுவின் ஆயுளில் ஆறு மாதம் போயிருக்கும்.

உறைய வைத்த மையத்தில் பொருத்தும் அனுபவம் இல்லை என்றால் திசுவை வேறு மையத்துக்குக் கொண்டு போகலாம். தலசீமியாவுக்காக ஒன்பது வயதில் இங்கிலாந்தின் லீட்ஸில் சினைப்பையை உறைய வைத்த ஒரு பெண்ணுக்கு, டென்மார்க்கில் அதைப் பொருத்தினார்கள். அவர் 2016-ல் லண்டனில் ஆண் குழந்தை பெற்றார்.

9. பொருத்தும் நாள்

எல்லாத் துண்டுகளையும் ஒரே தடவையில் வைக்கச் சொல்லாதீர்கள். மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வைத்து, மீதியை இன்னொரு முறைக்கு நைட்ரஜனிலேயே விட்டு வைப்பது வழக்கம்.

ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றுக்குள் பார்த்து, இடம் தயார் என்று சொன்ன பிறகே லேபில் குப்பியை 37 டிகிரி நீரில் உருக்குவார்கள். முன்கூட்டியே உருக்கிக் காத்திருந்தால் திசு வீணாகும். அதே நேரத்தில் சாயம் செலுத்திக் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இதையும் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

பழைய சினைப்பை இருந்தால் அதன் சுருங்கிய மேலுறையை நீக்கி, அங்கே துண்டுகளை மெல்லிய நூலால் தைப்பார்கள். இல்லையென்றால் இடுப்புக்குள் வயிற்று உட்சவ்வில் ஒரு சிறு பை செய்து அதில் வைப்பார்கள். இந்த இரண்டு இடங்களிலும் இயல்பாகக் கர்ப்பமாக வழி உண்டு. முன்கையிலோ வயிற்றுத் தோலுக்கடியிலோ வைத்தால் ஐவிஎஃப் இல்லாமல் முடியாது. ரேடியேஷன் பட்டுத் தழும்பான இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, அங்கே திசு பிடிப்பது கடினம்.

ரத்தக் குழாயை ரத்தக் குழாயோடு இணைப்பதெல்லாம் இல்லை. முதல் சில நாட்கள் திசு பட்டினிதான். சுற்றியிருக்கும் இடத்திலிருந்து புதுக் குழாய்கள் வளர்ந்து வந்து சேரும்வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும்.

10. பொருத்திய பிறகு

முதல் மாதத்திலேயே "ஒண்ணும் நடக்கலையே" என்று ஃபோன் வரும். நடக்காது. முதிராத முட்டை வளர்ந்து முதிர்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு நாலு முதல் ஆறு மாதத்தில் எஃப்எஸ்எச் இறங்கத் தொடங்கும், ஈஸ்ட்ரோஜன் ஏறும், ஸ்கேனில் முட்டைப்பை (முட்டை வளரும் சிறு நீர்ப்பை) தெரியும், மாதவிடாய் வரும். அதுவரை உடல் சூடு, தூக்கமின்மை எல்லாம் பழையபடியே இருக்கும்.

ஏஎம்எச் மட்டும் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்துத் தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். பொருத்திய திசு சின்னது, இருப்பு கொஞ்சம். ஏஎம்எச் அப்படித்தான் காட்டும்.

வெளியான முடிவுகளைப் பார்த்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹார்மோன் சுரப்பு திரும்புகிறது. மூன்றில் ஒருவர் அளவுக்குக் கர்ப்பமாகிறார்கள். குழந்தை பிறப்பது நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட பாதிக் கர்ப்பங்கள் ஐவிஎஃப் இல்லாமலே நிகழ்ந்தவை. இந்த எண்களை உறைய வைக்கும் நாளிலேயே குடும்பத்திடம் சொல்லிவிடுவது என் வழக்கம். சிலர் அதைக் கேட்டு வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். அது அவர்கள் முடிவு.

கருக்குழாயும் விந்தும் சரியாக இருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் இயல்பாக முயற்சி செய்யச் சொல்வார்கள். ஐவிஎஃப் போனால் ஒரு சுழற்சிக்கு ஒன்றிரண்டு முட்டைதான் கிடைக்கும். சில நேரம் முட்டைப்பை வெறுமையாகவும் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

மறுபடி எஃப்எஸ்எச் ஏறி மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினால் பொருத்திய துண்டுகள் ஓய்கின்றன என்று அர்த்தம். ஆறாவது படியில் வாங்கிய ரிப்போர்ட்டை எடுத்து, தொட்டியில் இன்னும் எத்தனை குப்பி பாக்கி என்று பாருங்கள்.